முன் இடது சக்கரத்தில் முறிந்த ஸ்டட்: ஒரு பழைய ஜீப்பின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைக்கு ஏறி இறங்கும் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றில் முன் இடது சக்கரத்து ஸ்டட், அதாவது சக்கர நட்டு ஏறும் மரைத்தண்டு, ஒன்று முறிந்துவிட்டது. பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது நடந்த காரியம். மீதி நான்கு நட்டோடு தடிக்காரன்கோணம் வழியாக மெதுவாக இறக்கி, பூதப்பாண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் கொண்டுவந்து விட்டார்கள். "ஒரு ஸ்டட்டுதான மக்களே, சாயங்காலத்துக்குள்ள மாத்தித் தந்திரு" என்றார் வண்டிக்காரர். சாயங்காலத்துக்குள் முடியவில்லை. அந்த ஒரு ஸ்டட்டைத் தேடிப் போனதில், சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பையே மாற்ற வேண்டி வந்தது.

கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை, கோதையாறு என்று ரப்பரும் கிராம்பும் விளைகிற மலையோரம் முழுக்க இந்த ஜீப்புகள் இன்னும் ஓடுகின்றன. உரமூட்டை ஏற்றிப் போகின்றன, கிராம்பு மூட்டையோடு இறங்குகின்றன, தோட்டத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஆளையும் ஏற்றி வருகின்றன. வண்டிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் பழக்கவழக்கம் தெரிந்த பழைய டிரைவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். இந்த முறிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால்தான் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

வண்டி

வில்லிஸ் சிஜே-3பி வழியில் வந்த, பானட் உயர்ந்த உடல். அமெரிக்காவில் 1953-இல் வந்த இந்த மாடலை மகிந்திரா உரிமம் பெற்று இங்கே பல வருடம் கட்டியது. பானட்டை அவ்வளவு உயரமாக வைத்ததே ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினை உள்ளே அடக்கத்தான். இந்த வண்டியில் அந்த எஞ்சின் எப்போதோ போய் டீசல் ஏறிவிட்டது. ஆனால் முன் ஆக்ஸில், ஹப், டிரம் எல்லாம் பழையவை. 16 அங்குல ரிம், 6.00-16 டயர். ஒரு சக்கரத்துக்கு 5 ஸ்டட், ஐந்தும் 5½ அங்குல வட்டத்தில். ஸ்டட்டின் கனம் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை.

வில்லிஸ் வம்சத்து வண்டியின் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வலதுபக்கச் சக்கரங்களில் சாதாரண மரை, இடதுபக்கச் சக்கரங்களில் இடது மரை. அதாவது இடதுபக்க நட்டை வலதுபக்கம் சுற்றினால்தான் கழலும், இடதுபக்கம் சுற்றினால் இறுகும். சக்கரம் முன்னோக்கி உருளும்போது நட்டு தானாக அவிழும் போக்கைத் தடுக்கத்தான் அப்படி வைத்தார்கள். பழைய லாரிகள் சிலவற்றிலும் இது உண்டு. கூம்பு முகம் வைத்த நட்டை ஒழுங்காக இறுக்கினால் எந்த மரையும் நிற்கும் என்பதால் பிற்கால வண்டிகளில் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இப்போது பஞ்சர் கடையில் நிற்கும் இளைஞர்களில் பலர் இடது மரையைக் கையால் தொட்டே இருக்க மாட்டார்கள்.

எப்படி முறிந்தது

டிரைவர் தம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால், முதல் நட்டு இடதுபக்கம் சுற்றியதும் சுலபமாகக் கழன்றிருக்கிறது. இரண்டாவது நட்டு அசையவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று வீல் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, அதே இடதுபக்கமாக ஏறி மிதித்திருக்கிறார்கள். கொஞ்சம் அசைந்தது, அப்புறம் 'டக்' என்று முறிந்தது. மூன்றாவதிலும் பைப்பைப் போட்டு ஒரு மிதி. அதற்குள் டிரைவர் வண்டிக்காரருக்குப் போன் செய்ய, "லே, இடதுபக்கம் லெஃப்ட் திரெட்டுலே, மாத்திச் சுத்தச் சொல்லு" என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். வலதுபக்கம் சுற்றியதும் மீதி மூன்றும் கழன்றுவிட்டன.

இதில் என்னை உறுத்தியது முறிந்த ஸ்டட் அல்ல, முதல் நட்டுதான். இடது மரை உள்ள சக்கரத்தில் அது மட்டும் எப்படி இடதுபக்கம் சுற்றிக் கழன்றது?

அது வலது மரை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. சக்கரத்தைக் கழற்றி ஸ்டட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தோம். மீதி நான்கில் மூன்றின் மரை இடப்புறம் ஏறுகிறது, ஒன்றில் மட்டும் வலப்புறம் ஏறுகிறது. முறிந்ததன் துண்டு, நட்டுக்குள் சிக்கியபடியே டிரைவரின் சட்டைப்பையில் இருந்தது. அதன் நுனியில் இடது மரையைக் குறிக்கும் எல் எழுத்து தெளிவாக இருந்தது. எப்போதோ ஒரு ஸ்டட் போனபோது, இடது மரை கிடைக்காமல் வலது மரையை யாரோ போட்டு விட்டிருக்கிறார்கள்.

பஞ்சர் கடைக்காரரை முழுவதும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் நட்டு இடதுபக்கம் கழன்றால், அடுத்ததும் அப்படித்தான் கழலும் என்று எவரும் நினைப்பார்கள். ஐந்தும் இடது மரையாக இருந்திருந்தால் முதல் நட்டே முரண்டு பிடித்து அவரை யோசிக்க வைத்திருக்கும். ஒரே சக்கரத்தில் இரண்டு மரையைக் கலந்தவர்தான் இந்த முறிவுக்கு வழி செய்தவர்.

பைப் போட்டு மிதிப்பதில் எவ்வளவு விசை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஆள் ஒரு மீட்டர் நீளப் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் 70 கிலோ-மீட்டர் (கிலோ எடை × மீட்டர் நீளம்) முறுக்கு. இந்த நட்டுக்கு வேண்டியது சுமார் 10 கிலோ-மீட்டர். ஸ்டட் முறிவதற்கு 70-இல் பாதிகூடத் தேவையில்லை.

முறிவின் முகம்

முறிந்த துண்டை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் வைத்துப் பாருங்கள். அது நிறையச் சொல்லும். நாள்பட்ட வெடிப்பில் போன ஸ்டட் என்றால் முறிந்த முகத்தில் ஒரு பக்கம் கறுத்து, துரு ஏறி, கடற்கரையில் அலை விட்டுப்போன வரிகள் போல வளைவு வளைவாக இருக்கும். மீதிப் பகுதி மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கும். அப்படி இருந்தால் நட்டு தளர்ந்த நிலையில் வண்டி வெகுதூரம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஸ்டட்டுகளிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் அந்த வரிகள் இல்லை. முகம் முழுக்கப் புதிய உலோகம், சுழித்து இழுத்த தடம், முறிவுக்குப் பக்கத்து மரைகள் இடைவெளி விட்டு நீண்டிருந்தன. ஒரே முறுக்கில் போனது. டிரைவர் சொன்னதும் துண்டு சொன்னதும் ஒத்துப்போனது.

அப்படியென்றால் மூன்றாவது ஸ்டட்? அதுவும் மிதி வாங்கியது, ஆனால் முறியவில்லை. வெளியே பார்த்தால் நன்றாகவே இருந்தது. புது இடது மரை நட்டு ஒன்றைக் கையால் ஏற்றினோம். முதல் நான்கைந்து மரை விறுவிறுவென்று போய், நடுவில் கனத்து நின்றுவிட்டது. புது ஸ்டட் ஒன்றை அதன் மேல் பக்கவாட்டில் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், ஒரு பக்கம் கச்சிதமாக உட்கார்ந்து மறுபக்கம் ஒளி தெரிகிறது. நீண்டுவிட்ட ஸ்டட். இதை அப்படியே விட்டு முறிந்ததை மட்டும் மாற்றியிருந்தால், கிராம்பு ஏற்றிக்கொண்டு ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் இது போயிருக்கும்.

பலரும் சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் உடம்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் ரிம்மை ஹப் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிற இறுக்கம்தான் பாரத்தைத் தாங்குகிறது. 10 கிலோ-மீட்டர் முறுக்கில் இறுக்கிய ஓர் அரை அங்குல ஸ்டட் ஏறத்தாழ 4 டன் விசையோடு பிடிக்கும். ஐந்தும் சேர்ந்தால் 20 டன். அந்த அழுத்தத்தில் வரும் உராய்வு இருக்கும்வரை ரிம் நழுவாது, ஸ்டட்டும் பக்கவாட்டில் அடி வாங்காது. ஒன்று நீண்டு இறுக்கம் இழந்தால் ரிம் மிக லேசாக அசையத் தொடங்கும். அதற்கப்புறம் மற்றவை ஒவ்வொன்றாகப் போகும், ரிம் துளையும் முட்டை வடிவமாகும்.

கழற்றியது

இந்த ஹப்பில் வெளியே இருந்தபடி ஸ்டட்டைத் தட்டி எடுத்துப் புதிதைச் சொருக முடியாது. ஸ்டட்டின் தலை ஹப்புக்குப் பின்னால் இருக்கிறது, அதற்குப் பின்னால் பிரேக் சாமான். ஹப்பும் டிரம்மும் வெளியே வந்தே ஆக வேண்டும்.

வண்டியைத் தூக்குவதில் ஒரு எச்சரிக்கை. இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகிற ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும், ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். இப்போது தூக்கியது முன்சக்கரம்தான் என்றாலும் பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் கையை உள்ளே விட நான் அனுமதிப்பதில்லை. மழை பெய்த செம்மண்ணில் ஜாக்கி வைப்பதென்றால் அடியில் தடிமனான பலகையும் வேண்டும்.

நடுவில் இருக்கும் தகர மூடியை எடுத்தால் ஆக்ஸில் ஷாஃப்ட் நுனியில் ஒரு சர்க்ளிப் (பிடிப்பு வளையம்) இருக்கும். அதை எடுத்து, ஷாஃப்டின் சுழற்சியை ஹப்புக்குக் கொடுக்கும் டிரைவ் ஃபிளேஞ்சின் 6 போல்ட்டையும் கழற்றி, ஃபிளேஞ்சை இழுத்தோம். ஃபிளேஞ்சுக்கு அடியில் இடைவெளி நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு இருந்தால் எண்ணிப் பத்திரப்படுத்த வேண்டும், திரும்பப் போடும்போது அத்தனையும் போக வேண்டும். உள்ளே வெளி நட்டு, மடக்கிய லாக் வாஷர், உள் நட்டு. இவற்றுக்கு 2 அங்குலத்துக்குச் சற்றே பெரிய பெட்டி ஸ்பேனர் வேண்டும். பல இடங்களில் உளி வைத்துத் தட்டித் தட்டி நட்டின் முனையெல்லாம் மழுங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், இதிலும் அப்படித்தான் இருந்தது. உளியை வைக்கவே கூடாத இடம் அது.

டிரம் வெளியே வந்ததும் உள்ளே பிரேக் தூசி. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கம்ப்ரஸர் காற்று அடித்து ஊதினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து எடுத்தோம். பட்டறைப் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லியே தீர வேண்டும்.

ஹப்பின் பின்பக்கம்

வலது மரை ஸ்டட்டின் தலையைச் சுற்றிப் பின்னால் வெல்டிங். துளை தேய்ந்து பெரிதானதால் ஸ்டட் நிற்காமல் சுற்றியிருக்கிறது. அதை நிறுத்த வெல்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டட் சூட்டுப் பதம் கொடுத்த உருக்கு. அதன் மேல் வெல்டு வைத்தால் அந்தப் பதம் போய்விடும், வெல்டின் ஓரத்தில் உலோகம் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். கிரைண்டரில் வெல்டைத் தேய்த்து எடுத்துப் பார்த்தால் துளை ஒரு பக்கம் நீண்டு, ஓரத்தில் வெல்டு கடித்த பள்ளமும் இருந்தது.

வண்டிக்காரருக்கும் எனக்கும் பேச்சு நீண்டது இந்த இடத்தில்தான். "அண்ணாச்சி, இந்த ஹப்புல இனி ஸ்டட் நிக்காது" என்றேன். "இத்தன வருசம் நிண்ணுதே மக்களே" என்றார். நின்றது உண்மைதான். லேத்தில் கொஞ்சம் பருமனாக ஒரு ஸ்டட் கடைந்து போடலாமே என்பது அவர் யோசனை. துளை வட்டமாகப் பெரிதாகியிருந்தால், நல்ல அலாய் உருக்கில் கடைந்து பதமும் கொடுத்து அதைச் செய்யலாம். கடையில் கிடைக்கிற சாதாரண இரும்புக் கம்பியில் மரை வெட்டிப் போடுவது ஆபத்து. இங்கே துளை வட்டமாகவே இல்லை, ஓரத்தில் பள்ளம் வேறு. டிரைவரோடு சேர்த்து எத்தனை பேர் இந்த ஜீப்பில் மலை ஏறுகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஹப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, வேற ஹப் பாரு" என்றார்.

பழைய ஜீப் உடைக்கிற இடத்தில் ஒரு ஹப் கிடைத்தது. துளைகள் வட்டமாக, பேரிங் கப் உட்காரும் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று அளந்துதான் எடுத்தோம்.

எந்த மரை?

ஐந்தும் இடது மரையா, ஐந்தும் வலது மரையா? வலது மரைக்கு மாற்றிவிடுவதில் நியாயம் உண்டு. வழியில் யார் கழற்றினாலும் தவறு நேராது, ஸ்டட்டும் எங்கும் கிடைக்கும். ஆனால் முன் இடதை மட்டும் மாற்றினால், பின் இடது பழையபடி இடது மரையாகவே நிற்கும். சக்கரத்துக்குள் இருந்த குழப்பம் வண்டிக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மாற்றுவதென்றால் இடதுபக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நாகர்கோவிலில் தேடியதில் இடது மரை ஸ்டட்டும் கூம்பு நட்டும் கிடைத்துவிட்டதால் ஐந்தையும் இடது மரையாகவே போட்டோம்.

கூடவே, முன்னும் பின்னும் இடது மட்கார்டில் சக்கரத்துக்கு மேலே கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறியும், "இடது மரை, வலதுபக்கம் சுற்றிக் கழற்றவும்" என்ற வரியும் மஞ்சள் பெயிண்டில் எழுதிவிட்டோம். அந்தப் பக்கத்து நட்டுகளின் நுனியிலும் மஞ்சள்.

பொருத்தியது

இந்தப் பழைய அமைப்பில் ஸ்டட் ஹப் வழியாகவும் டிரம் வழியாகவும் வந்து, டிரம் முகத்தில் அதன் கழுத்து விரித்து அடிக்கப்பட்டிருக்கும். ஹப்பும் டிரம்மும் ஒரே துண்டாக நிற்பது அதனால்தான். இதைப் பார்க்காமல் சுத்தியலால் ஸ்டட்டை அடித்து வெளியேற்றினால், விரிந்த கழுத்து டிரம் துளையைக் கிழித்துப் பெரிதாக்கிக்கொண்டு வரும். டிரம் துளை பெரிதானால் டிரம் மையம் தவறும், பிரேக் பிடிக்கும்போது பெடல் துடிக்கும். விரிந்த கழுத்தை டிரில் மெஷினில் குழாய் வடிவக் கட்டரால் வெட்டி எடுத்த பிறகே பிரஸ்ஸில் வைத்து ஸ்டட்டுகளைத் தள்ளினோம். டிரம் சேதமில்லாமல் வந்தது.

புது ஸ்டட்டின் கழுத்தில் பல் பல்லாக வரிகள் இருக்கும், அவை துளையில் கடித்து உட்கார்ந்து ஸ்டட் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும். வாஷர் அடுக்கி நட்டால் இழுத்து உட்கார வைப்பது மலைமேல் வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை. அப்படி இழுக்கும்போது புது ஸ்டட்டே நீண்டுபோக வாய்ப்புண்டு. ஹப் கையில் இருக்கும்போது பிரஸ்தான் சரி. தலை ஹப் முகத்தோடு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததா என்று ஒவ்வொன்றையும் இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடு விட்டுப் பார்த்தோம். டிரம்மை ஏற்றி லேத்தில் சுற்றவிட்டு ஓட்டமும் பார்த்தோம், மையம் சரியாக இருந்தது.

புது பேரிங், புது சீல், புது கிரீஸ். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, சக்கரம் பிடித்து நிற்கும் நிலைக்கு வந்ததும் ஆறில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். ஆட்டமும் இருக்கக்கூடாது, பிடித்தமும் இருக்கக்கூடாது. அப்புறம் லாக் வாஷர், வெளி நட்டு, வாஷரின் காதை மடக்குவது.

ரிம்மில் ஒரு வேலை பாக்கி இருந்தது. எப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போனபோது அடித்த பெயிண்ட் நட்டு உட்காரும் கூம்பிலும், ஹப்போடு சேரும் முகத்திலும் தடிமனாக இருந்தது. அந்தப் பெயிண்டின் மேல் நட்டை எவ்வளவு இறுக்கினாலும், ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி இறுக்கம் குறையும். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டத்தில் ரிம்முக்குப் பெயிண்ட் வேண்டும்தான், ஆனால் இந்த இரண்டு இடத்திலும் வேண்டாம். சுரண்டிச் சுத்தம் செய்தோம். துளைகள் முட்டை வடிவமாகவில்லை, அதனால் ரிம் தப்பியது.

நட்டின் கூம்பு முகம் ரிம் பக்கம். மரையில் கிரீஸ் தடவவில்லை. கிரீஸ் இருந்தால் அதே முறுக்கில் ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும். ஒன்று விட்டு ஒன்றாக, முதலில் பாதி, அப்புறம் முழுவதும், குறித்த முறுக்கு வந்ததும் கிளிக் கொடுக்கும் டார்க் ரெஞ்சில் 10 கிலோ-மீட்டர். டார்க் ரெஞ்சை இடதுபக்கம் சுற்றி இறுக்கும்போதும் அது கிளிக் கொடுக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சில ரெஞ்சுகள் வலதுபக்கம் சுற்றும்போது மட்டும்தான் கிளிக் கொடுக்கும், இடது மரையில் அதை நம்பினால் மறுபடியும் பைப் போட்ட கதைதான்.

சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டி திரும்ப வந்தது. முன் இடதில் ஒரு நட்டு மட்டும் லேசாக நகர்ந்து கிளிக் கொடுத்தது, மற்ற நான்கும் அசையவில்லை. அன்றே பின் இடது சக்கரத்தையும் பார்த்தோம். அங்கே ஐந்தும் இடது மரைதான், ஆனால் இரண்டில் நட்டு நடுவழியில் கனக்கிறது. பின் ஹப் சாவி வைத்த கூம்பு ஷாஃப்டில் இறுகி உட்கார்ந்திருப்பது, பெரிய புல்லர் இல்லாமல் வராது. சுத்தியலால் ஷாஃப்ட் நுனியில் அடித்துக் கழற்றப் பார்த்தால் பேரிங் போகும். திரும்பப் போடும்போது ஷாஃப்ட் நட்டுக்கு 20 கிலோ-மீட்டருக்குக் குறையாத இறுக்கமும், நட்டு அவிழாமல் தடுக்கும் காட்டர் பின்னும் வேண்டும். இடது மரை ஸ்டட் இன்னொரு செட் வாங்கி வைத்திருக்கிறோம். அந்த வேலை முடியும்வரை மலைக்குப் பாதி லோடுதான் ஏற்றுவது என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார்.